ஊசியைப் பற்றி மட்டும்

கல்லடி

அன்புள்ள மகன்,

நீ அனுப்பிய படமும் இரண்டு வரியும் வந்து சேர்ந்தன. ஊசி அரை டாங்கி காட்டுகிறது, ஆனால் கார் பெற்றோல் இல்லாமல் ரோட்டில் நின்றுவிட்டது, எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சித்திரை வருசத்துக்குப் பிறகு நீ எங்களிடம் கேட்ட முதல் விஷயம் இது. அம்மா போனைப் பிடுங்கித் தானும் வாசித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றா. இவ்வளவாவது கேட்டானே என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். போனில் எழுத என் விரலுக்கு ஏலாது. கடதாசியில் எழுதி, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கொண்டு படம் எடுத்து அனுப்புவிக்கிறேன். அவன் பிறர் கடிதம் வாசிக்கிற பிள்ளை இல்லை. இருந்தாலும் ஊசியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. திருத்தி முடியும் வரைக்கும் அந்த ஊசியை நம்பாதே. உன்னுடைய கார் 1972 எம்.ஜி.பி என்றால் டாங்கி 12 கலன், 54 லீற்றர் சொச்சம் பிடிக்கும். கலனுக்கு 25 மைல் என்று வைத்துக்கொள். நிரப்பிய உடனே மைல் மீற்றரில் கீழே இருக்கிற சின்ன எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவா. 200 மைல் ஓடுவதற்கு முன் எப்படியும் பெற்றோல் செட்டுக்குப் போய்விடு. எந்த இடத்தில் நின்றது, இரவா பகலா, கூட யாராவது இருந்தார்களா என்று நீ எழுதவில்லை. பிரித்தானியாவில் பெரிய ரோட்டில் கார் நின்றால் காருக்குள் இருக்கக் கூடாது, தடுப்புக்கு அப்பால் ஏறி நிற்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். அப்படி நின்றாயா?

இன்னொன்றும் நீ எழுதவில்லை. டாங்கியை நிரப்பினால் ஊசி மேலே போகிறதா, இல்லை எப்போதும் அரையிலேயே நிற்கிறதா? இரண்டும் இரண்டு வருத்தம். சின்ன வயதிலும் நீ இப்படித்தான், வயிறு நோகிறது என்பாய், எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டாய்.

அந்தக் காரின் ஏற்பாடு சின்னதுதான். டாங்கிக்குள் ஒரு மிதவை. தண்ணீர்த் தொட்டியில் பந்து ஏறி இறங்குகிற மாதிரி அது ஏறி இறங்கும். மிதவையின் கை, சுற்றிய கம்பியில் ஒரு சின்னத் தகட்டை உரசிக்கொண்டு போகும். டாங்கி காலியானால் தடை கூடும், 200 ஓமைத் தாண்டும். நிரம்பினால் தடை குறையும், 30 ஓம் அளவுக்கு இறங்கும். தடை குறைந்தால் மின்சாரம் கூட ஓடும், ஊசி ஏறும். முன்னால் இருக்கிற ஸ்மித்ஸ் மீற்றருக்குள் இருப்பது சூடேறினால் வளைகிற இரட்டைத் தகடு. அதனால்தான் சாவி போட்ட பிறகு ஊசி ஆறுதலாக ஏறுகிறது. அது பழுதில்லை. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது ஊசி ஆடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நடுவில் இன்னொரு சாமான் இருக்கிறது, ஸ்டெபிலைசர். தீப்பெட்டியை விடச் சின்னது. டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பற்றரி 12 இருந்தாலும் 14 இருந்தாலும் மீற்றருக்குச் சராசரியாக 10 வோல்ற்தான் போக வேண்டும், அதைப் பார்ப்பது அதன் வேலை. மின்சாரத்தை அது விட்டு விட்டுத்தான் கொடுக்கும். புது டிஜிற்றல் மீற்றரை வைத்து அளந்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும், பயந்துவிடாதே. ஒரு சின்ன பல்ப்பைக் கொடுத்துப் பார், மின்னி மின்னி எரிந்தால் உயிரோடு இருக்கிறது. அதற்கு எர்த், அதாவது காரின் இரும்பு உடம்போடு இருக்கிற தொடுப்பு, இல்லாமல் போனால் 12 வோல்றும் நேராக மீற்றருக்குப் போகும், ஊசி எல்லா இடத்திலும் கூடவே காட்டும். அங்கே குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்கள் அல்லவா, அந்த நாட்டுக் கார்களில் பாதி நோய் எர்த் நோய்தான்.

ஆனால் காலி டாங்கிக்கு அரை காட்டுவது ஸ்டெபிலைசர் மட்டும் செய்கிற காரியமாக எனக்குப் படவில்லை. டாங்கிப் பக்கம் போ. மிதவை யூனிற் டாங்கியின் பக்கவாட்டில் இருக்கிறது, காருக்குக் கீழே படுத்தால்தான் கை எட்டும். அதில் கறுப்பு வயர் எர்த். பச்சையில் கறுப்புக் கோடு போட்ட வயர்தான் மீற்றருக்குப் போவது. சாவியைப் போட்டு, பச்சை-கறுப்பைக் கழற்றி ஒன்றிலும் படாமல் விடு. ஊசி மெதுவாக விழுந்து காலிக்கு வந்தால் மீற்றரும் வயரும் சுகம், மிதவைதான் பிழை: கை இறுகியிருக்கும், அல்லது உள்ளே எங்கேயோ எர்த் அடிக்கிறது. கழற்றியும் ஊசி அரையிலேயே நின்றால் வயர் வழியில் எங்கேயோ உரசித் தேய்ந்து காரின் உடம்பில் அரைகுறையாகப் படுகிறது, இல்லாவிட்டால் மீற்றர்தான் இறுகியிருக்கிறது. பிறகு அதே வயரை எர்த்தில் கொஞ்ச நேரம் தொட்டுப் பார், ஊசி நிறை வரைக்கும் போக வேண்டும். தொட்டுப் பார் என்றால் தொட்டுப் பார்ப்பதுதான், அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் மீற்றருக்குள் இருக்கிற தகடு வெந்துவிடும். வயரைத் தொடுகிற இடம் டாங்கிக்குத் தள்ளி இருக்கட்டும், பொறி பறக்கும்.

இது பழைய காருக்குச் சொல்கிற வைத்தியம். கம்பியூட்டர் வைத்த கார் ஒன்றுக்கும் இப்படி வயரைப் பிடுங்கி எர்த்தில் வைக்காதே.

2022இல் இங்கே பெற்றோலைக் கியூஆர் கோட்டில் அளந்து தந்த காலத்தில், காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4, அப்போதுதான் ஊரில் எல்லோரும் ஊசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் ஊசி செத்து வருசக்கணக்கான வண்டிகளை ஓடித் திரிந்தவர்கள், திடீரென்று என் முற்றத்தில் வந்து நின்றார்கள். கராஜை மூடிவிட்டேன் என்றாலும் கேட்கவில்லை. பெரும்பாலும் மிதவைக் கை, இல்லாவிட்டால் எர்த். இரண்டுக்கும் காசு வாங்க மனம் வரவில்லை. அம்மா அதற்கு இன்னும் திட்டுகிறா.

நீ கராஜுக்குள் கால் வைக்கமாட்டாய், கிறீஸ் மணம் சட்டையில் ஏறிவிடும் என்று. படிக்கிற பிள்ளை, வேண்டாம் என்று நானும் விட்டேன். இப்போது ஐம்பது வருசப் பழைய கார் வாங்கியிருக்கிறாய். மாமாவின் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் காரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான் அது, தெரியுமா? அதில் 1622 சிசி, உன்னுடையதில் 1798. படத்தைப் பார்த்ததும் மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்று ஓடிப் போனேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் மகன் கடைசியில் நம்மட பக்கம் வந்திட்டான்" என்றார். எனக்குச் சந்தோசம் இல்லை என்று சொன்னால் பொய். என்ன விலை என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிற நேரத்தில் இது தேவையா என்றும் கேட்கவில்லை.

மிதவையைக் கழற்றுவதானால் டாங்கியில் பெற்றோல் கொஞ்சமாக இருக்கும்போது கழற்று. யூனிற் பக்கவாட்டில் இருக்கிறது என்று சொன்னேன், நிறையவிருந்தால் உன் முகத்தில்தான் ஊற்றும். வெளியில் வைத்துச் செய், மூடிய கராஜுக்குள் வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், தரையோடு படர்ந்து கிடக்கும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாதே, பித்தளைத் துண்டு வைத்துத் தட்டு. புது ரப்பர் வளையம் போடாமல் திருப்பிப் பூட்டாதே. எல்லாவற்றுக்கும் முதல் பற்றரியைக் கழற்று. அந்தக் காரில் பற்றரி முன்னால் இல்லை, சீற்றுகளுக்குப் பின்னால் தட்டுக்குக் கீழே 6 வோல்ற் பற்றரி இரண்டு இருக்கும்.

அந்தத் தட்டில் ஒருவரும் இருக்க முடியாது மகன். அது இரண்டு சீற் கார். சின்னவளை எங்கே இருத்திக்கொண்டு போகிறாய்?

முன்னால் இருத்துவாய் என்றால் மருமகள் எங்கே இருப்பா? வீட்டில் வேறு கார் இருக்கும், இது சும்மா ஓடிப் பார்க்கிற கார் என்று நீ சொல்வாய். இருக்கட்டும். படத்தில் காருக்குப் பின்னால் தெரிகிற வீடு நாங்கள் வந்து நின்ற வீடு இல்லை. கதவோரம் நாலைந்து மணி பொருத்தியிருக்கிறது. அம்மாதான் முதலில் கண்டா. அது கார் வாங்கின இடமாக இருக்கும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படித்தானே? ஞாயிற்றுக்கிழமை சின்னவள் எடுத்துப் பாட்டுப் பாடுவாள் என்று அம்மா போனைச் சார்ஜில் போட்டு வைக்கிறா. மருமகளின் நம்பருக்கு எடுத்தால் மணி அடிக்கிறது. நான் அவவைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளை எங்களோடு ஒரு நாளும் முகம் கோணியதில்லை. வேலை கூடவாக இருக்கும்.

ஊர்ப் புதினம் நிறைய இருக்கிறது, பெரியம்மாவின் காணி விஷயம் ஒரு வழியாக முடிந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன். 200 மைல், மறந்துவிடாதே.

இந்த மாதம் எங்களுக்குக் காசு அனுப்ப வேண்டாம். அந்தக் காசில் யூனிற்றும் ரப்பர் வளையமும் வாங்கு. வாங்கும்போது உன் வருசத்தைச் சொல்லி வாங்கு. 1964 கடைசிக்கு முந்திய எம்.ஜி.பிக்கு மீற்றர் வேறு சாதி, ஸ்டெபிலைசரே கிடையாது, அதன் யூனிற்றை இதில் போட்டால் ஊசி இன்னும் பொய் சொல்லும். கீழே படுத்து வேலை செய்யும்போது சனிக்கிழமை எனக்கு வீடியோ கோல் எடு. நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல நீ கழற்று. இங்கே இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை. அம்மாவும் பக்கத்தில் இருப்பா. எந்த வீட்டு வாசலில் நின்று எடுத்தாலும் எடு, மனே. நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்.

அப்பா

பி.கு. 2021 செப்டெம்பரில் இருந்து அங்கே சாதாரணப் பெற்றோல் ஈ10, நூற்றுக்குப் பத்து வரைக்கும் எதனோல் கலந்தது. அதில் இருக்கிற எதனோல் பழைய காரின் ரப்பர் குழாய்களைத் தின்னும். சூப்பர் என்று விற்கிற ஈ5 மட்டும் அடி. காசு கூடத்தான், பார்க்காதே. குழாயைக் கையால் நசுக்கிப் பார், வெடிப்புத் தெரிந்தால் மிதவைக்கு முதல் அதை மாற்று.