ஏறும் பராமரிப்புக் கட்டணம், இறங்கும் பராமரிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் முதல் பக்கம் முழுவதையும் ஒரு விடுமுறைக் கழகத்தின் விளம்பரம் நிறைத்திருந்தது. பனி படர்ந்த மலைச்சரிவு, சிரிக்கும் தாத்தா பாட்டி, ஓடி வரும் பேரக்குழந்தைகள், கீழே பொடி எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரி. அந்தப் பொடி எழுத்துக்குள் பதினைந்து ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில், புதிதாகக் கையெழுத்திட எண்ணும் வாசகர்களுக்கும், என்னைப் போல ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டவர்களுக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். என் நோக்கம் எந்த நிறுவனத்தையும் பெயர் சொல்லிப் பழிப்பதன்று. ஆகவே நான் உறுப்பினராக உள்ள கழகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

2010-ஆம் ஆண்டு, நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற ஐந்து ஆண்டுகள் இருந்தபோது, பெட்ரோல் பங்கில் நிரப்பிப் போட்ட குலுக்கல் சீட்டு ஒன்றின் பயனாக, திருச்சியில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு மனைவியோடு வருமாறு அழைக்கப்பட்டேன். தேநீரும் சமோசாவும் மூன்று மணி நேரப் பேச்சும் முடிந்து வெளியே வந்தபோது, 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஏழு இரவுகள் தங்கும் உரிமையை 2,80,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பரிசாகக் கிடைத்த சூட்கேஸின் சக்கரம் அந்த ஆண்டே கழன்றுவிட்டது. வாழ்நாள் முழுவதும் பிறருடைய கடன் பத்திரங்களை வரி விடாமல் படித்துப் பார்த்தவன், தன் சொந்த ஒப்பந்தத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நான்கைந்து ஆண்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கொடைக்கானல் விடுதியில் அறைக்குள்ளேயே சிறு சமையலறை இருந்தது. இரண்டு அடுப்பு, குக்கர், தட்டு, டம்ளர் எல்லாம் இருந்தன. காலையில் நாங்களே உப்புமா கிளறிச் சாப்பிட்டுவிட்டு ஏரிக்குப் போய் வருவோம். தோட்டம் தோட்டமாக இருந்தது. கடந்த மே மாதம் அதே விடுதிக்கு நான்கு இரவுகள் போய் வந்தோம். அடுப்பு இருந்த இடத்தில் மின்கெண்டி ஒன்று மட்டும் இருக்கிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுவரக் கூடாது என்று கதவின் பின்புறம் ஒட்டியிருக்கிறார்கள். கீழே உணவகத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு 950 ரூபாய், வரி தனி. வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை மட்டுமே. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. முழங்கால் வலியுள்ள மனைவிக்காகத் தரைத்தள அறை வேண்டும் என்று இரண்டு மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தும், மூன்றாவது தளத்தில்தான் அறை கிடைத்தது, மின்தூக்கி பழுது. முதல் முறை போனபோதே பார்த்த தோட்டக்காரர் ஒருவர் இன்னும் அங்கே இருக்கிறார். "அப்போ தோட்டத்துக்கு மட்டும் பன்னெண்டு பேரு சார், இப்போ மூணு பேரு, அதுவும் கான்ட்ராக்ட்" என்றார். அந்த விடுதிக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிக்கையை நான் எங்கும் படிக்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நான் சேர்ந்த ஆண்டில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், அதாவது உறுப்பினர்கள் ஏ.எம்.சி. என்று சொல்வது, 7,200 ரூபாய். அன்றைய சேவை வரி 10.3 விழுக்காடு, ஆக 7,942 ரூபாய் கட்டினேன். இந்த ஆண்டு கட்டணம் 19,400 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 22,892 ரூபாய் கட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் கொடுத்த 2,80,000 ரூபாயை 25 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 11,200 ரூபாய் வருகிறது. இரண்டையும் கூட்டி ஏழால் வகுத்தால், என் 'சொந்த' விடுதியில் ஓர் இரவு தங்க எனக்கு ஆகும் செலவு 4,870 ரூபாய். பக்கத்து அறையில் இருந்த ஈரோட்டுக் குடும்பம் எந்தக் கழகத்திலும் உறுப்பினர் இல்லை. கைப்பேசிச் செயலி வழியாக, காலைச் சிற்றுண்டியோடு 4,100 ரூபாய்க்கு அதே அளவு அறையைப் பதிவு செய்திருந்தார்கள். 2,80,000 ரூபாயை வங்கியில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை என் மனைவி அவ்வப்போது சேர்த்துச் சொல்வதுண்டு.

அந்த ஏழு இரவுகளும் முழுதாகக் கிடைத்திருந்தால்கூட இந்தக் கணக்கு ஓரளவு சரி என்று விட்டிருப்பேன். 2010 முதல் 2024 வரையிலான 15 ஆண்டுகளில் எனக்குச் சேர வேண்டியவை 105 இரவுகள். தங்கியவை 58. கேட்ட தேதியில் அறை இல்லாமல் தள்ளித் தள்ளிக் காலாவதியானவை 33. மீதி 14 இரவுகள்தான் இந்த ஆண்டுக் கணக்கில் வந்து சேர்ந்தன. ஊட்டிக்கோ மூணாறுக்கோ பள்ளி விடுமுறை நாட்களில் பதிவு செய்ய முயன்றால், முன்பதிவு திறக்கும் நள்ளிரவிலேயே 'காத்திருப்போர் பட்டியல்' என்றுதான் திரையில் வருகிறது; அதே நாளுக்கு அதே விடுதியில் வெளியாருக்கு விற்பனைக்கு அறை இருப்பதை அடுத்த நிமிடமே இன்னொரு செயலியில் காண முடிகிறது. உறுப்பினர்களுக்கு எத்தனை அறை, வெளியாருக்கு எத்தனை அறை, மொத்த உறுப்பினர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் கேட்டு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும், 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்றே பதில் வந்தது.

கட்டணம் ஏறுவதையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மலைப்பகுதியில் கட்டடத்தைப் பராமரிப்பது சமவெளியைவிடச் செலவு மிகுந்தது. தமிழகத்தில் மின்கட்டணம் 2022 செப்டம்பர் முதல் பல முறை உயர்ந்திருக்கிறது. தொழிலாளர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும். இவற்றையெல்லாம் காட்டிக் கூடுதலாகக் கேட்டால், வங்கியில் வேலை பார்த்தவனுக்குப் புரியாமல் போகாது. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் மாதப் பராமரிப்புத் தொகையை 200 ரூபாய் உயர்த்துவதற்கே பொதுக்குழு கூட்டி, தண்ணீர் லாரி ரசீது முதல் காவலாளி சம்பளம் வரை தாளில் அச்சிட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரம் சண்டையும் போட்ட பிறகுதான் தீர்மானம் நிறைவேறுகிறது. விடுமுறைக் கழகத்திலோ பராமரிப்பு என்ற பெயரில் வாங்கும் பணத்தில் எவ்வளவு பராமரிப்புக்குப் போகிறது, எவ்வளவு விளம்பரத்துக்கும் விற்பனையாளரின் கமிஷனுக்கும் போகிறது என்பதைக் கேட்கும் இடமே உறுப்பினருக்கு இல்லை. கட்டணத்தை ஆண்டுதோறும் மாற்றி அமைக்கும் உரிமையை ஒப்பந்தம் நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டணத்துக்கு ஈடாக அறையும் வெந்நீரும் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பற்றி 34 பக்கங்களில் ஒரு வரி கிடையாது.

இங்கே தங்கள் வாசகர்கள் பலர் அறிந்திராத ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். 2010-இல் சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, இத்தொழிலில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கில், உறுப்பினரிடம் தொடக்கத்தில் வாங்கும் கட்டணம் முழுவதையும் அந்த ஆண்டின் வருமானமாகக் கொண்டு வரி விதிக்க முடியாது என்று முடிவு செய்தது. உறுப்பினருக்கு ஒப்பந்தக் காலம் முழுவதும் சேவை அளிக்கும் கடமை அந்தப் பணத்தோடு பிணைந்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம். தீர்ப்பில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. கணக்கியல்படி அது சரியே. ஆனால் வரி அதிகாரியின் முன்னால் இவ்வளவு உறுதியாக நிற்கும் அந்தக் கடமை, மே மாதத்தில் அறை கேட்டு நிற்கும் உறுப்பினரின் முன்னால் மட்டும் ஏன் 'இருப்பைப் பொறுத்து' என்று இளைத்துவிடுகிறது?

பிற நாடுகளில் இத்தொழிலுக்கெனத் தனிச் சட்டங்கள் உள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே இதற்கான நெறிமுறையை வகுத்து, 2009-இல் அதை மேலும் கடுமையாக்கியது. அதன்படி, கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் காரணம் ஏதும் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அந்த நாட்களில் முன்பணம் என்று ஒரு காசுகூட வாங்கக் கூடாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலச் சட்டம் 10 நாட்கள் அவகாசம் தருவதோடு, விடுதியை நிர்வகிப்பவர் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தையும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் வைத்தாக வேண்டும் என்கிறது. அங்கேயும் கட்டண உயர்வைப் பற்றிய புலம்பல் ஓயவில்லை என்பது உண்மைதான். ஆனால் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு புலம்புகிறார்கள். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நாம் வாங்குவது தங்கும் உரிமை மட்டுமே, கட்டடத்தில் பங்கு அன்று என்பதால், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் இதற்குக் கைகொடுப்பதில்லை. லாபம் தருவதாகச் சொல்லி 'அறை இரவுகள்' விற்றவர்கள்மீது மட்டும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பாய்ந்திருக்கிறது. பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று 2016-இல் செபி ஆணையிட்டது அத்தகைய நடவடிக்கைகளுள் பெரியது. லாபத்தைச் சொல்லாமல், ஓய்வை மட்டும் சொல்லி விற்றால் எந்த ஒழுங்குமுறை அமைப்பும் எட்டிப் பார்ப்பதில்லை.

எஞ்சியிருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நியாயமற்ற ஒப்பந்தம் என்பதற்கு அது இலக்கணமே வகுத்திருக்கிறது; நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமற்ற கட்டணமோ நிபந்தனையோ சுமத்துவதும் அதில் அடங்கும். அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில், வீடு வாங்குபவருக்கு வேறு வழியில்லாமல் கையெழுத்திட வைக்கப்பட்ட ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆயினும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வழக்கை மாவட்ட ஆணையத்தில் தொடுக்க இயலாது, மாநில ஆணையத்துக்கே செல்ல வேண்டும். சேவைக் குறைபாட்டுக்கு மட்டும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ புகார்க் கட்டணம் இல்லை. ஆண்டுக்கு 22,892 ரூபாய்க் கட்டணத்துக்காக ஓர் எழுபது வயதுக்காரன் எத்தனை வாய்தாவுக்கு ஆணையத்தின் படியேறுவான் என்பதை நிறுவனங்கள் நன்றாகவே கணக்கிட்டு வைத்திருக்கின்றன.

விலகிவிடலாமே என்று கேட்பீர்கள். விலகினால் தொடக்கத் தொகையில் ஒன்றும் திரும்பாது; விலகாமல் கட்டணத்தை நிறுத்தினால் வட்டி ஏறும், பதிவு உரிமை முடங்கும். என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்கு மாற்றித் தருவதற்கும் தனிக் கட்டணம் உண்டு, அவனுக்கோ அது வேண்டாம். விடுதிக்குப் போனால் இரண்டாம் நாள் காலை 'உறுப்பினர் சந்திப்பு' என்று அழைத்து, மேலும் ஒன்றரை லட்சம் கொடுத்துப் புதிய திட்டத்துக்கு மாறினால் அறைத் தட்டுப்பாடே இராது என்கிறார்கள். பழைய திட்டத்தில் தட்டுப்பாடு இருக்கிறது என்பதை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொள்ளாத வரை எனக்கு அது வேடிக்கையாகத்தான் படுகிறது. இதற்கிடையில், உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், ஆனால் ஜி.எஸ்.டி. தொகையை மட்டும் முன்கூட்டியே அனுப்புங்கள் என்று தொலைபேசியில் பேசும் கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. என் உறுப்பினர் எண்ணும் சேர்ந்த தேதியும் அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் 41,000 ரூபாயை இப்படி இழந்த பிறகே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தார். அதற்குள் பணம் கைமாறிவிட்டது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தானாகவே முன்வந்து விசாரிக்கும் அதிகாரம் பெற்றது. உறுப்பினர் எண்ணிக்கையையும் அறை எண்ணிக்கையையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும், பராமரிப்புக் கட்டணத்தின் தணிக்கைக் கணக்கை உறுப்பினருக்கு அனுப்ப வேண்டும், 70 வயதைக் கடந்தவர் நிலுவை இல்லாமல் இருந்தால் மேற்கொண்டு பொறுப்பின்றி விலக வழி விட வேண்டும் என்ற மூன்றையும் இத்தொழிலுக்குக் கட்டாயமாக்க அது ஆவன செய்ய வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை எப்போதோ எழுதித் தள்ளிவிட்டேன்; வாராக் கடனை எப்போது எழுதித் தள்ளுவது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டுக்கான கட்டண அறிவிப்பு நேற்று வந்தது. 5 விழுக்காடு உயர்த்தி, வரியோடு 24,037 ரூபாய். கணக்கு விவரம் கேட்டு ஜூன் மாதம் நான் அனுப்பிய பதிவுத் தபாலுக்கு ஒப்புகை அட்டை மட்டும் வந்திருக்கிறது. என் ஒப்பந்தம் 2035-இல் முடிகிறது. அப்போது எனக்கு வயது 80.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
திருவரங்கம், திருச்சிராப்பள்ளி