போலே துறைமுகத்துக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் பயணப் பகுதியில், மெக்சிகோவின் கரீபியக் கடற்கரையிலுள்ள இஷ்கரெத் சூழலியல் பூங்காவைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நிலத்தடி ஆறுகளில் நீந்துவதையும் இரவுக் கலைநிகழ்ச்சியையும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், அங்குள்ள, அந்நிலத்தின் தொல்குடிகளான மாயரின் கட்டடங்களை மட்டும் ‘சில இடிபாடுகளும் உண்டு’ என்ற ஒரே வரியில் கடந்துவிட்டது, வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

அந்த இடிபாடுகள்தாம் போலே என்னும் பழைய துறைமுகம். எதிரே, கோசுமெல் தீவில், மகப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் உரிய இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் வழிபாட்டிடம் இருந்தது. அத்தெய்வத்தை வணங்க யுகாத்தான் தீபகற்பத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் இத்துறையில்தான் தோணி ஏறினார்கள். எஞ்சியுள்ள கட்டடங்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 1200க்கும் 1550க்கும் இடைப்பட்டவை: சுண்ணாம்புக் கல்லால் எழுப்பிய சிறு கோயில்கள், குனிந்தாலன்றி நுழைய முடியாத தாழ்ந்த வாசல்கள். ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய சிற்றாலயம் ஒன்றின் எச்சமும் அங்கேயே இருக்கிறது.

1990இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் நற்பணிகளை நான் மறுக்கவில்லை. அங்கு வளர்க்கப்பட்ட சிவப்புப் பஞ்சவர்ணக் கிளிகள், அவ்வினம் அற்றுப்போயிருந்த பலெங்கே காட்டில் 2013 முதல் விடப்பட்டு வருகின்றன. கடலாமைகளைக் காக்கும் பணியும் நடக்கிறது. கோசுமெலுக்கான பழைய தோணிப் பயணத்தை 2007இல் மீட்டெடுத்ததையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்லியல் சின்னங்கள் மெக்சிகோ நாட்டின் உடைமையாக இருக்க, போலேயின் கோயில்களைக் காண்பதற்கு நூறு டாலருக்கு மேற்பட்ட பூங்காக் கட்டணத்தைச் செலுத்த வேண்டியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தெற்கே ஷெல்ஹாவில் நிலைமை வேறு. அங்கும் கடலோரத்தில், இஷ்கரெத்தை நடத்தும் அதே குழுமத்தின் பூங்கா இருக்கிறது. எனினும் நெடுஞ்சாலைக்கு மறுபுறமுள்ள தொல்லியல் வளாகத்தை அரசு நிறுவனமே தனியாகப் பராமரிப்பதால், பறவை உருவங்கள் தீட்டப்பட்ட பழைய சுவரோவியத்தைச் சிறு கட்டணத்தில் எவரும் பார்த்துவிடலாம். பயணக் கட்டுரை படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு அவசியம் தெரிய வேண்டும்.

ஆகவே, போலேயின் வரலாற்றையும் ஷெல்ஹா தொல்லியல் வளாகத்துக்குச் செல்லும் வழியையும் விளக்கும் ஒரு குறிப்பை அடுத்த இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருநெல்வேலி