பாய்தல் பயிற்சியும் பிள்ளைகளின் கண்களும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள் தொடங்கிவிட்டன. கண்ணாடி அணியும் பிள்ளைகள் பலர் மைதானத்துக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். உடைந்தால் வீட்டில் ஏச்சு விழும் என்ற பயம்தான் காரணம்.

கடந்த வாரம் நல்ல வேகமுள்ள ஒரு மாணவி, கண்ணாடியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நீளம் பாய ஓடிவந்தார். பாய்வதற்குக் காலூன்றும் மிதிபலகையை நெருங்கியதும் குறுகிய எட்டுகளாகத் தட்டித் தட்டி வேகத்தை இழந்தார். அடுத்த முறை பலகையைத் தாண்டியே மிதித்துவிட்டார். பார்த்து நின்றவர்கள் "பயந்துவிட்டாள்" என்றார்கள். எனக்கு அது பயமாகத் தெரியவில்லை.

அந்தப் பலகையின் அகலம் 20 சென்ரிமீற்றர் மட்டுமே. எட்டுகளை அளந்து பழகினாலும் ஒவ்வோர் எட்டிலும் சிறு வித்தியாசம் விழுந்து, ஓட ஓடக் கூடிக்கொண்டே வரும். தேர்ந்த வீராங்கனைகளுக்கும் இப்படித்தான். உளவியல் ஆய்வாளர் டேவிட் லீயும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. கடைசிச் சில எட்டுகளில் வீராங்கனைகள் பலகையைக் கண்ணால் பார்த்தே எட்டின் நீளத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். பலகை பிந்தித் தெரிகிற பிள்ளைக்குத் திருத்துவதற்கு எட்டு மிஞ்சாது.

நிலம்படும்போதும் அப்படியே. தரை வருவதைக் கண்டு கால் தசைகள் முன்கூட்டியே இறுகித் தயாராகும். அது பிசகினால் அடி முழங்காலுக்கும் கணுக்காலுக்கும்தான். சமநிலைக்கு உட்காதும் மூட்டுகளும் உதவினாலும் கண்ணின் பங்கு பெரியது. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், உடல் ஆடத் தொடங்கும்.

பார்வை குறைந்த பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்கச் சொல்லி இதை எழுதவில்லை. போரில் பார்வை இழந்தவர்கள் நம் வன்னியில் நம்மோடு வாழ்கிறார்கள். முற்றாகப் பார்வையற்றோருக்கான சர்வதேசப் போட்டிகளில் பலகைக்குப் பதிலாக 1 மீற்றர் நீளமான மிதிபரப்பு உண்டு. திசை காட்ட ஒருவர் நின்று குரல் கொடுப்பார். ஏற்பாடு செய்துகொடுத்தால் எவரும் பாயலாம். நம் பிள்ளைகள் பலருக்கு வேண்டிய ஏற்பாடு ஒரு கண்ணாடிதான்.

ஆகவே கண்ணாடியோடு அனுப்புங்கள். பிளாஸ்ரிக் வில்லை பாதுகாப்பானது. பின்னால் இலாஸ்ரிக் பட்டி கட்டிவிடுங்கள். உடைந்தால் தயவுசெய்து ஏசாதீர்கள். மாலை வெயில் நேரே முகத்தில் அடிப்பதால் பாய்தல் பயிற்சியைக் காலைக்கு மாற்றியிருக்கிறோம். புழுதி கண்ணில் விழாதபடி ஓடுபாதைக்குத் தண்ணீரும் தெளிக்கிறோம்.

வரும் புதன்கிழமை பிரதான மண்டபத்தில் 6 மீற்றர் தூரத்தில் எழுத்து அட்டை வைத்து எல்லாப் பிள்ளைகளின் பார்வையையும் பார்ப்போம். உங்கள் பிள்ளை கண்ணை இடுக்கிப் பார்த்தால், தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் அமர்ந்தால், அதற்கு முன்னரே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். தேவையானவர்களுக்கு அரச வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் தருவேன். பஸ் காசோ கண்ணாடிச் செலவோ இடிக்கிற குடும்பங்கள் கூச்சமின்றி அலுவலகத்தில் என்னைச் சந்தியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு பேசியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அதிபர்