சிவப்பை அழிக்கச் சொல்லாதீர்கள்

கலிபோர்னியாவில் வீடு வாங்கிக் குடியிருக்கும் நம் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

வணக்கம். காட்டுத்தீ அபாய வரைபடத்தில் நம் தெரு சிவப்பாகிவிட்டது, அதாவது உச்ச அபாயப் பகுதியாகிவிட்டது, நகர மன்றக் கூட்டத்தில் எதிர்த்துப் பேச வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் திரட்டுகிறார்கள். கூட்டத்துக்கு அவசியம் போங்கள். ஆனால் சிவப்பை அழிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

கேட்டாலும் நடக்காது. மாநிலத் தீயணைப்புத் துறையான கால் ஃபயர் 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியிட்ட இந்த வரைபடத்தை உள்ளாட்சிகள் 120 நாட்களுக்குள் சட்டமாக ஏற்றாக வேண்டும் என்பது விதி. அபாய நிலையை அவர்கள் கூட்டலாம், குறைக்க முடியாது.

வீட்டு விலை இறங்கும், இன்சூரன்ஸ் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கட்டி, முப்பது வருடக் கடனில் வாங்கிய வீடு. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிகள் இந்த வரைபடத்துக்காகக் காத்திருக்கவில்லை. பல வருடங்களாகவே சொந்தக் கணக்கு வைத்துத்தான் வீடுகளை எடைபோடுகிறார்கள். வரைபடம் பார்ப்பது இடத்தின் இயல்பை: மலைச்சரிவு, செடிகொடி, காற்று, கங்கு பறந்து வரும் வாய்ப்பு. நீங்கள் தீயைத் தாங்கும் கூரையாக மாற்றியது அதற்குத் தெரியாது.

வடக்குக் கலிபோர்னியாவில் சாண்டா ரோசா நகரின் காஃபி பார்க் குடியிருப்பை நினைத்துப் பாருங்கள். சமதளத்தில் வரிசை வீடுகள். உச்ச அபாயப் பகுதி என்று குறிக்கப்படாததால், தீயைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்ற விதிகளும் அங்கே இல்லை. 2017 அக்டோபரில் டப்ஸ் என்ற காட்டுத்தீ, ஆறு வழி 101 நெடுஞ்சாலையைத் தாண்டி வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. வரைபடத்தில் பெயர் வராததால் அவர்களுக்கு என்ன லாபம்?

அங்கே வந்ததும் கங்குதான். சுவரை ஒட்டிக் கொட்டிய மரப்பட்டை, கூரையோர மழைநீர்க் கட்டரில் சேர்ந்த சருகு, கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்குக்குக் காற்று போகும் வென்ட்டின் அகலக் கண் வலை, வீட்டைத் தொட்டு நிற்கும் மரவேலி என ஏதாவது ஒன்று போதும், கங்கு வீட்டைப் பிடித்துக்கொள்ளும். சுவரிலிருந்து முதல் ஐந்தடியை இந்த வாரமே சுத்தம் செய்யுங்கள். அப்புறம், 2022-இல் வந்த மாநில விதிப்படி, இப்படிப் பாதுகாப்பாக்கிய வீட்டுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன. வெட்டிய செடிகொடிகளை நகராட்சியே வந்து அள்ளட்டும். வென்ட் மாற்ற வசதியில்லாத முதியவர்களுக்கு உதவித்தொகை தரட்டும். ஒரே வழியுள்ள தெருக்களுக்குத் தப்பிக்க இரண்டாவது வழி திறக்கட்டும். மலையை ஒட்டியிருந்தும் நிறம் பூசாமல் விட்ட தெரு ஏதாவது இருந்தால், அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த அதிகாரம் மன்றத்துக்கு உண்டு.

அன்புடன்,
ஈஸ்ட் பே குன்றடியில் வசிக்கும் ஒரு வீட்டுக்காரர்