காளியம்மன் கோயில், சமுதாயக் கூடம்: திருப்பணி நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர் அனைவருக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

கோயில் கணக்கை மட்டும் படித்தால் போதும், கூடம் பஞ்சாயத்துச் சொத்துதானே என்று சிலர் கேட்டார்கள். அந்த எண்ணம்தான் பழைய கூடத்தைக் கெடுத்தது. அதனால் இரண்டு கணக்கையும் சேர்த்தே வைக்கிறோம்.

பழைய கூடத்தின் கதை பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்காக எழுதுகிறோம். வெளியே மண்டபம் கேட்டால் நம் தெருவுக்கு மட்டும் நாள் ஒழியாத காலத்தில் அரசு கட்டிக்கொடுத்த கூடம் அது. சாவி யாரிடம் இருக்கிறது என்பது கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. இரண்டு கல்யாணம் நடந்தது. பிறகு யாரோ நெல் மூட்டை அடுக்கினார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அதன் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோது, நாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தோம்.

இனி வரவு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிக் கோயில்களுக்கு அறநிலையத்துறை வழங்கும் திருப்பணி நிதியில் 2 லட்சம் ரூபாய் கிடைத்தது; முன்பு இது 1 லட்சமாக இருந்தது. கூடத்துக்கு, அரசும் மக்களும் பங்கு போட்டுச் செய்யும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் எழுதிப்போட்டோம். மற்ற இடங்களில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று. நம்மைப் போன்ற பகுதிகளுக்கு ஐந்தில் ஒன்று. மதிப்பீடு 10 லட்சம் என்பதால் நம் பங்கான 2 லட்சத்தை வரைவோலையாகக் கட்டினோம்.

கோயில் வரி கட்டும் குடும்பங்களான 74 தலைக்கட்டில் 65 பேர் தலா 3,000 கொடுத்தது 1,95,000. திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் அனுப்பியது 1,45,000. மீதி ஒன்பது வீட்டார் சித்தாள் வேலையாகச் செய்து கழித்தார்கள். அவர்கள் பெயரையும் வரி கட்டியவர் பட்டியலிலேயே எழுதியிருக்கிறோம். தனிப் பட்டியல் போடச் சொன்ன யோசனையைக் குழு ஏற்கவில்லை.

செலவு: கூடத்துப் பங்கு 2,00,000. கோயில் வேலை 3,10,000. அதில் அரசு நிதி போக நம் கையிலிருந்து 1,10,000. ஆவணிக் குடமுழுக்குக்கு 22,600. அன்னதான அரிசியும் காய்கறியும் வீடுவீடாக வந்ததால் செலவு இவ்வளவில் நின்றது. கையிருப்பு 7,400. ரசீதுகள் கோயில் பெட்டியில் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

குறையையும் சொல்லவேண்டும். ஐப்பசி மழையில் சமையல்கட்டுப் பக்கம் கூடம் ஒழுகியது. தட்டோடு பதித்த இடத்தில் வாட்டம் சரியில்லை. ஒப்பந்தக்காரரிடம் மூன்று வாரம் நடந்து, அவர் செலவிலேயே பெயர்த்துப் போடவைத்தோம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை மதிப்பீட்டிலேயே இல்லை. இது நம் குழுவின் தவறு. மனு எழுதிய ஐந்து பேரும் ஆண்கள்.

பெயர்ப் பலகை எழுதும்போது ஒரு தகராறு வந்தது. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்திருந்தார். பலகை எழுதுபவர் பழைய பலகையைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார். அழித்து ‘காளியம்மன் கோயில் தெரு சமுதாயக் கூடம்’ என்று எழுதியிருக்கிறோம். அவருக்கு இரண்டாம் முறை கூலி கொடுத்ததைக் கேள்வி கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

அக்டோபர் கிராமசபைத் தீர்மானத்தின்படி கூடத்தின் பராமரிப்பு நம்மிடம் வந்திருக்கிறது. சாவி இரண்டு: ஒன்று மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவியிடம், மற்றொன்று கோயில் பூசாரியிடம். கல்யாணம், காதுகுத்துக்கு நம் தெருவாருக்கு 500, வெளியாருக்கு 1,500. வெளியார் என்றால் எந்தத் தெருவாரும்தான். கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. கருமாதிக்கு வாடகை இல்லை. மாலையில் ஆறு முதல் எட்டுவரை பிள்ளைகள் படிக்கும் நேரம். அந்த நேரத்தில் கூட்டம், பஞ்சாயத்து எதுவும் கிடையாது, இந்தக் குழுவின் கூட்டம் உட்பட. நெல் மூட்டை, உர மூட்டை, கட்சிக் கொடிக்கம்பம் எதையும் உள்ளே வைக்க அனுமதி இல்லை. வாடகைப் பணம் மூவர் கையெழுத்தில் வங்கியில் கிடக்கும். மின்கட்டணம் போக மீதி எவ்வளவு என்று மாதாமாதம் சுவர்ப் பலகையில் எழுதுவோம்.

கழிப்பறைக்கு மறுபடி மனு போட்டிருக்கிறோம். இம்முறை எழுதியது மகளிர் குழுவினர்.

குடமுழுக்கு அன்று எடுத்துப்போன பெரிய அண்டாவின் மூடி இன்னும் வந்துசேரவில்லை. எடுத்தவர்கள் பொங்கலுக்குள் கூடத்தில் வைத்துவிடவும், பெயர் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு