பழைய அம்புலிமாமா சேர்ப்பவர்களுக்கு: கையைக் கடிக்காமல் வாங்க சில வழிகள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கடைக்கு நேரில் வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சிறுவர் பத்திரிகையான அம்புலிமாமாவின் ஒரே வருடத்து இதழ்கள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்றின் விலை இன்னொன்றில் கால்வாசிதான், ஏன்? நியாயமான கேள்வி. கடையில் கூட்டம் இருக்கும்போது பதில் சொல்ல முடிவதில்லை, அதனால் இந்த மடல்.

விலையை முதலில் தீர்மானிப்பது அட்டை. வபா என்ற பெயரில் வரைந்த வட்டாதி பாப்பையாவின் அட்டை கிழியாமல், நிறம் மங்காமல் இருந்தால் அதற்கென்றே ஆள் இருக்கிறது. அட்டை போய்விட்ட பிரதியை யாரும் சீந்துவதில்லை. ஆனால் உள்ளே கதை முழுசாக இருக்கும், சங்கர் வரைந்த விக்கிரமன் வாளோடும் தோளில் வேதாளத்தோடும் அப்படியே நிற்பான். சின்ன வயதில் படித்ததை மறுபடி படிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் அட்டைக்குக் காசு கொடுக்காதீர்கள். இதை நாங்கள் மனதாரச் சொல்கிறோம். இனிமேல் கடையில் இரண்டையும் தனித்தனி அடுக்கில் வைக்கப் போகிறோம், ஒன்று படிப்பதற்கு, மற்றது சேகரிப்புக்கு. எதைத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் நேராக அந்த அடுக்குக்கே போய்விடலாம்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பைண்டு வால்யூம். அந்தக் காலத்தில் வீடுகளிலும் வாடகை நூலகங்களிலும் ஆறு மாத இதழ்களையோ ஒரு வருட இதழ்களையோ சேர்த்துத் தைத்து வைப்பார்கள். பைண்டு செய்கிறவர் பெரும்பாலும் அட்டைகளைக் கழற்றிவிடுவார், ஓரத்தையும் வெட்டிவிடுவார், நூலகத்தின் ரப்பர் ஸ்டாம்ப் பத்து இடத்தில் இருக்கும். இந்தக் குறைகளால்தான் விலை இறங்குகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு இதழுக்கு விழும் தொகை தனி இதழ் விலையில் சிறு பங்குதான், அதைவிட முக்கியம், தொடர்கதை நடுவில் அறுபடாமல் கிடைக்கும். தயவுசெய்து வால்யூமைப் பிரித்துத் தனித்தனி இதழாக்க முயலாதீர்கள். பசை ஊறிய முதுகு பக்கங்களையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வரும்.

அப்புறம், பலர் யோசிக்காத ஒரு வழி. 1947-ல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை இது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் சென்னையில் ஆரம்பித்தார்கள், பிறகு கன்னடம், இந்தி என்று பல மொழிகளுக்குப் போனது. எழுத்து மாறினாலும் படங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கே எல்லோரும் தமிழ்ப் பிரதியையே கேட்பதால் கன்னடப் பிரதியும் இந்திப் பிரதியும் தேங்கிக் கிடக்கின்றன. ஓவியத்துக்காகச் சேர்ப்பவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டால் அட்டையோடு நல்ல பிரதி பாதிக்கும் குறைந்த செலவில் கிடைக்கும். கதைக்காக என்றால் வேறொன்று: முன்பு வந்த தொடர்கள் சில பிற்காலத்தில் மறுபடியும் வெளியாகியிருக்கின்றன. ஐம்பதுகளின் இதழ் கிடைப்பது கஷ்டம், விலையும் அதிகம். அதே தொடர் எண்பதுகளில் வந்த இதழில் இருந்தால் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பழையதை நிதானமாகத் தேடலாம். இணையத்தில் உலவும் ஸ்கேன்களைப் பார்த்தால் எந்தத் தொடர் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் முடிகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள், ஒரே மாதத்தை இரண்டு தடவை வாங்கும் செலவு மிச்சம்.

விடுபட்ட மாதங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1998-ல் வெளியீடு நின்று ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களுக்கு இதழே கிடையாது. அந்த மாதங்கள் தன்னிடம் இருப்பதாக யாராவது சொன்னால் முன்பணம் அனுப்பிவிடாதீர்கள்.

எங்களிடம் வாங்கினாலும் நடைபாதைக் கடையில் வாங்கினாலும் காசைக் கொடுப்பதற்கு முன் இதழைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். முதலில் நடுப்பக்கம். இதழைச் சேர்த்துக் குத்தியிருக்கும் கம்பிப் பின் துருப்பிடித்தால் அந்தத் தாள்தான் முதலில் கழன்று விழும். பிறகு பக்க எண்கள். பிள்ளைகள் பள்ளி ஆல்பத்துக்காகப் படத்தை வெட்டியிருப்பார்கள், வெட்டிய படத்துக்குப் பின்பக்கத்தில் இருந்த கதையும் அதோடு போயிருக்கும். அட்டை உள்தாள்களைவிடப் புத்தம் புதிதாக வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள், கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டியிருக்கலாம். தாள் பழுப்பாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், மலிவான மரக்கூழ்த் தாள் வெளிச்சம் பட்டால் பழுக்கத்தான் செய்யும். மெதுவாக வளைத்தால் ஓரம் நொறுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நொறுங்கினால் அதைப் படிக்கக்கூட முடியாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கியதைக் காப்பாற்றப் பெரிய செலவு எதுவும் இல்லை. துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். கிழிசலுக்கு செல்லோ டேப் மட்டும் போடவே போடாதீர்கள், சில வருடத்தில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தின் மேல் ஊறிவிடும், எடுக்கவும் முடியாது. இதழில் ராமபாணப் பூச்சி இருப்பதாகத் தெரிந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறந்துவிட வேண்டாம், குளிர் முழுவதும் போகட்டும், இல்லையென்றால் தாளில் ஈரம் பூத்துவிடும்.

வெளியூர் வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு இதழுக்கு ஆர்டர் கொடுக்கும்போது எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது, இதழின் விலையைவிட அஞ்சல் செலவு கூடிவிடுகிறது. முன்பணம் எதுவும் வேண்டாம், வேண்டிய மாதங்களைச் சொல்லி வையுங்கள். கிடைக்கக் கிடைக்க உங்கள் பெயரில் எடுத்து வைத்து, ஒரு கட்டாகச் சேர்ந்ததும் அனுப்புகிறோம். உங்களிடம் இரட்டைப் பிரதிகள் இருந்தால் கொண்டு வாருங்கள். பக்கங்கள் முழுசாக இருந்தால் அட்டை இல்லாததையும் எடுத்துக்கொண்டு, அதே தரத்தில் வேறு மாதத்து இதழைத் தருகிறோம், இதற்குத் தனியாகக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
கடையிலிருந்து