கேமராவை மாற்றச் சொல்வதற்கு முன்: கார் நிறுவனங்களின் சர்வீஸ் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

அடாஸ், அதாவது கேமரா, சென்சார் வைத்து ஓட்டுநருக்கு உதவும் வசதியுள்ள கார்களை இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

கோவையில் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் பார்க்கிற பட்டறை ஒன்றில் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறேன். சமீப காலமாக ஒரே குறையோடு பலர் வருகிறார்கள். முன் கேமரா வேலை செய்யவில்லை என்று மீட்டரில் எச்சரிக்கை வருகிறது. லேனை விட்டு விலகாமல் காக்கும் லேன் அசிஸ்ட்டும் தானியங்கி பிரேக்கும் நின்றுவிடுகின்றன. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள், கோளாறைக் குறிக்கும் ஃபால்ட் கோடு (code) வருகிறது, உடனே புதுக் கேமராவுக்கு எஸ்டிமேட் போடுகிறார்கள். நடுவில் நடக்க வேண்டிய சோதனை நடப்பதே இல்லை.

எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் கோடு சொல்லும். கேமராவோடு தொடர்பு அறுந்தது என்று வந்தால், பேட்டரி பலவீனமாகி ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். ஃபியூஸ், எர்த், கனெக்டர் எதிலும் கோளாறு இருக்கலாம். கோடு இப்போதும் இருக்கிறதா, பழைய பதிவா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறும் கேன் (CAN) வயர்கள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

முன் கண்ணாடியையும் பார்க்க வேண்டும். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரை உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறோம். பல கார்களில் கேமரா இருப்பதும் அங்கேதான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் பார்வையை மறைக்கலாம். வெயிலில் நிறுத்திய வண்டியில் கேமரா சூடேறித் தானாகவே நின்று, ஆறியபின் திரும்ப வேலை செய்வதும் உண்டு.

கல் பட்டு முன் கண்ணாடி மாற்றிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. புதுக் கேமரா வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் கேமரா பிராக்கெட்டில் முழுசாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்தோம். ஆனால் கேலிபரேஷன், அதாவது கேமராவின் கோணத்தைச் சரியாக அமைக்கும் வேலை, செய்ய முடியவில்லை. அதற்காகக் கேமராவுக்கு முன்னால் வைக்கும், அந்த மாடலுக்கான குறிப்பலகையை எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்ற விவரம் உங்கள் சாஃப்ட்வேருக்குள் பூட்டிக் கிடக்கிறது. வண்டிக்காரர் மறுபடியும் அதே சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

கேலிபரேஷனைச் சும்மா விட்டுவிட முடியாது. கேமராவின் கோணம் ஒரு டிகிரி விலகினால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 1.75 மீட்டர் தவறு வரும். நம் நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர், அதில் பாதி தப்பிப் போகிறது. இவ்வளவு சின்ன விலகலுக்கு எச்சரிக்கை விளக்கு எரியும் என்ற உறுதியும் கிடையாது. பக்கத்து லேனில் போகிற லாரியைத் தன் முன்னால் போவதாக நினைத்து வண்டி பிரேக் போட்டால், பின்னால் வருகிறவர் கதி என்ன?

உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் வைத்திருந்ததற்காக, 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியபோது, அதில் வாகனத் துறையையும் சேர்த்தது. அதன் பிறகும் குறிப்பலகையின் அளவைக்கூடக் கெஞ்சிக் கேட்கும் நிலையில்தான் இருக்கிறோம்.

கேலிபரேஷன் முறையையும் அதற்கான சாஃப்ட்வேரையும் நியாயமான கட்டணத்துக்கு எங்களுக்குத் தாருங்கள். புதுக் கேமரா எழுதும் முன் கோடு, அளந்த வோல்டேஜ், எர்த், கண்ணாடியின் நிலை ஆகியவற்றை ஜாப் கார்டில் பதிந்து வாடிக்கையாளரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கண்ணாடி மாற்றிய எந்த வண்டியும் கேலிபரேஷன் ரிப்போர்ட் இல்லாமல் உங்கள் சர்வீஸ் சென்டரை விட்டு வெளியே போகக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன், கோவை